இரண்டாவது தலையணை

முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் ஒரு நாளைக்கு நானூறு தலையணை உறைகள் வெளுத்து, காய்ந்து, மடிக்கப்பட்டு வார்டுகளுக்குப் போகும். அதில் பாதியாவது அவள் கைபட்டுத்தான் போகும். அத்தனையும் மடித்து அலுத்த கையோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இன்னும் இரண்டு உறை துவைப்பாள். ஒன்று அவளுடையது. இன்னொன்றில் பதினோரு வருஷமாக யாரும் தலை வைக்கவில்லை.

"அழுக்கே ஆகாத உறைய எதுக்குடி வாராவாரம் தொவைக்கிறே? சோப்புக்குக் கேடு" என்று அவளோடு ஜோடி சேர்ந்து விரிப்பு மடிக்கிறவள் கேட்பாள். படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து கைகள் தொடுகிற இடத்தில் கொடுத்து வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை இப்படிச் சந்தித்துக்கொண்டால் ஒருத்தி வீட்டு விஷயம் இன்னொருத்திக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

"தூசி படியும்ல" என்பாள் இவள்.

"தூசியா படியுது? உன் ஏக்கம்தான் படியுது. அது சோப்புக்கெல்லாம் போகாது."

இவள் சிரித்துவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பாள். வேறென்ன செய்வது?

அவள் வீட்டுக்காரர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். இப்போது ரொட்டி வேன் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்னே கிளம்பி, கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டுப் பதினோரு மணிக்கு வீடு திரும்புவார். சட்டையெல்லாம் ரொட்டி வாசனை வீசும். நல்ல மனுஷர். அதிர்ந்து பேச மாட்டார். காய் நறுக்கித் தருவார், அவளுக்குக் கால் வலித்தால் தைலம் தேய்த்துவிடுவார். ஆனால் படுக்கிற நேரம் வந்ததும் முன்னறைக்குப் போய், வாசல் கதவைப் பார்த்துப் போட்டிருக்கும் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அவர் தூங்குவது அதில்தான்.

காரணம் ரொம்பச் சின்னது, அல்லது ரொம்பப் பெரியது. சண்டையிலிருந்து திரும்பி வந்த வருஷம் ஒரு நாள் தூக்கத்தில் அவள் கழுத்தைப் பிடித்துவிட்டார். கண் திறந்து பார்த்தவுடனே கையை எடுத்துவிட்டார். அவளுக்கு இரண்டு நாள் கழுத்து வலி, அவ்வளவுதான். அவருக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அன்று காலையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "உனக்கு ஏதாவது ஆயிட்டா அப்புறம் நான் எதுக்கு உசிரோட வந்தேன்?" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை. அவர் தலையணையை மட்டும் கட்டிலிலிருந்து எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒரு மருந்து ஆராய்ச்சி பற்றிய சேதியைக் கொண்டுவந்தவர் ரேடியோ. அவருடைய நிஜப் பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. ராணுவத்தில் வயர்லெஸ் பெட்டியைச் சுமந்தவர், வீட்டுக்காரர் ஓட்டிய அதே லாரியில். அங்கே பேச வேண்டியதைவிடக் கூடுதலாக ஒரு வார்த்தை பேசக்கூடாது. அந்தக் கடனையெல்லாம் இப்போது வட்டியோடு தீர்க்கிறவர் மாதிரி, வாயை மூடவே மாட்டார். இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் குடியிருக்கிறார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ரிமோட்டுகளையும் இஸ்திரிப் பெட்டிகளையும் பழுது பார்த்துப் பிழைக்கிறார்.

"தங்கச்சி, கெட்ட கனவுக்கு மருந்து கண்டுபிடிக்கிறாங்களாம்! நூத்தி இருபது பேர் வேணுமாம். நான் பேர் கொடுத்துட்டேன், இவன் பேரையும் கொடுத்துட்டேன்."

"என்னைக் கேக்காமயா கொடுத்தே?" என்றார் வீட்டுக்காரர்.

"உன்னைக் கேட்டா நீ யோசிப்பே. யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நமக்குக் கட்டையில போற வயசாயிடும்."

ஆராய்ச்சிப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் இருந்தது. அங்கே ஒரு நர்ஸ். சின்ன வயசு, கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்வாள். நூற்றிருபது பேரில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். மாதாமாதம் மாத்திரையின் எண்ணிக்கை கூடும். இது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மருந்து, அதனால் படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் தினமும் ஒரு தாளை நிரப்ப வேண்டும்: ராத்திரி எத்தனை தடவை கத்தினார், எத்தனை தடவை எழுந்தார், எங்கே தூங்கினார்.

"எனக்கு யாரு சிஸ்டர் நிரப்புவா?" என்றார் ரேடியோ. "பக்கத்து ரூம்காரன் ஒருத்தன் இருக்கான். நான் கத்தினா சுவத்துல தட்டுவான். அவன் தட்டறத எண்ணி எழுதட்டுமா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டரைக் கேட்டுச் சரி என்று சொன்னாள். அறிவியலில் அப்படியும் ஒரு கணக்கு ஏறியது.

எங்கே தூங்கினார் என்ற கேள்விக்கு நான்கு கட்டங்கள்: கட்டில், தரை, நாற்காலி, வேறிடம். அவள் தினமும் காலையில் டீ கொதிக்கும்போதே நாற்காலிக் கட்டத்தில் ஒரு கோடு போடுவாள். முதல் மாதம் முழுக்க அந்தக் கட்டம் மட்டும்தான் நிறைந்தது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, காயாத துணிகளைச் சமையலறைக்குள் கொடி கட்டிப் போடலாம் என்று வந்தவள், இரண்டு ஆண்களும் மேஜையில் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மேஜை மேல் இரண்டு மாத்திரை டப்பாக்கள். வீட்டுக்காரர் டப்பா மூடியில் தம் மாத்திரைகளில் ஏழு எண்ணி எடுத்து ரேடியோவின் டப்பாவில் போட்டார். பிறகு ரேடியோவின் டப்பாவிலிருந்து ஏழு மாத்திரையை எண்ணித் தம்முடையதில் போட்டுக்கொண்டார்.

"என்ன பண்றீங்க?"

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவர்கள் மாதிரி நிமிர்ந்தார்கள்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. பங்கு பிரிக்கிறோம்" என்றார் ரேடியோ. "தினம் ராத்திரி ரெண்டு மாத்திரை. இவனுதுல ஒண்ணு, என்னுதுல ஒண்ணு. யாருது நிஜமா இருந்தாலும் ஆளுக்குப் பாதி வந்துடும்ல?"

"ஐயோ! அந்தப் பொண்ணு எத்தனை தடவை சொல்லுச்சு, அடுத்தவங்க மாத்திரையத் தொடக்கூடாதுன்னு!"

வீட்டுக்காரர் மூடியைத் துடைத்து மூடினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"என்னுது மாவா இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல, நாற்காலி இருக்கு. ஆனா என்னுது நிஜமா இருந்து, இவன் மாவத் தின்னுட்டு சுவத்துல தட்டு வாங்கிட்டு கெடந்தான்னா, நான் எப்படித் தூங்குவேன்? தூங்கறதுக்குத்தானே இந்த மருந்து?"

"இவன் எப்பவும் இப்படித்தான்" என்றார் ரேடியோ. "லாரி கவுந்து நாலு நாள் பள்ளத்துல கெடந்தோமே, ஒரே ஒரு கேன் தண்ணி. மூடியில ஊத்தி ஊத்திக் கொடுப்பான். ஒரு மூடி எனக்கு, ஒரு மூடி அவனுக்கு. எனக்குக் காய்ச்சல், ரெண்டு மூடி கொடுடான்னு கெஞ்சறேன். தரல. இவனும் ஒரு மூடிக்கு மேல குடிக்கல. அதனாலதான் ரெண்டு பேரும் உக்காந்து உன் வீட்டு டீயக் குடிக்கிறோம்."

"இது தண்ணி இல்லண்ணே. மருந்து."

"தெரியும் தங்கச்சி" என்றார் அவர், வாயாடித்தனம் இல்லாத குரலில். அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை.

அவள் சொல்லியிருக்கலாம். மறுநாளே பின்பக்கக் கட்டடத்துக்குப் போயிருக்கலாம். சலவைக் கூடத்திலிருந்து எண்ணி நூறு அடிதான். போகவில்லை. டப்பாவில் எண்ணிக்கை சரியாக இருந்ததால் நர்ஸுக்கும் சந்தேகம் வரவில்லை. சொன்னால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஏதோ ஒரு டப்பாவில் நிஜ மருந்து இருக்கலாம் என்ற ஆசை அவள் வாயைக் கட்டிவிட்டது.

இரண்டாவது மாதம் ராத்திரிக்கு நான்கு மாத்திரை ஆனது. ரேடியோவின் தாளில் சுவர் தட்டல்கள் ஐந்திலிருந்து மூன்றாகி, ஒன்றாகின. "பக்கத்து ரூம்காரன் கவலைப்படறான் தங்கச்சி. உனக்கு உடம்பு சரியில்லையான்னு கதவத் தட்டிக் கேக்கறான்" என்றார். வீட்டுக்காரர் காலையில் எழும்போது நாற்காலிக் கைப்பிடியில் நகக் கீறல் புதிதாக விழுவதில்லை. ஒருநாள் வேன் சாவியைத் தேடிக்கொண்டே ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தார். அவள் அடுப்படியில் அசையாமல் நின்று கேட்டாள். அசைந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

அந்த மாதம் பாதி ஆவதற்குள் ஒரு ராத்திரி, சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"உள்ள வந்து படுத்துப் பாக்கட்டுமா? பயமா இருந்தா சொல்லிடு."

"எனக்கென்ன பயம்?" என்றாள். அவள் கையிலிருந்த டம்ளர்தான் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

மறுநாள் காலைத் தாளில் கட்டில் என்ற கட்டத்தில் கோடு போட்டாள். வாரக் கடைசியில் அதை வாங்கிப் பார்த்த நர்ஸ், "என்னக்கா, பேனா தாளையே கிழிச்சிடுச்சு?" என்று கேட்டாள். சலவைக் கூடத்தில் ஜோடிக்காரிக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாலாவது விரிப்பில் கைகள் தொட்டபோதே, "ஓகோ!" என்றாள். அன்று முழுக்க அந்த "ஓகோ" தொடர்ந்தது.

பத்தொன்பது ராத்திரிகள்.

இருபதாவது நாள் காலை ஏழு மணிக்கு அவள் தள்ளுவண்டியில் வெளுத்த விரிப்புகளோடு இருதய வார்டுக்குள் நுழைந்தபோது, ஜன்னலோரக் கட்டிலில் ரேடியோ படுத்திருந்தார். நெற்றியில் தையல். பக்கத்து ஸ்டூலில் முன்பின் பார்த்திராத ஒரு ஆள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே!"

"சத்தம் போடாத. இவன்தான் சுவத்துக்காரன். நேத்து சாயந்தரத்துல இருந்து இங்கதான் இருக்கான். குளிக்கிற இடத்துல விழுந்துட்டேன். பக்கெட் உருண்ட சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கான்."

"எப்படி விழுந்தீங்க?"

"உக்காந்து துணி தொவைச்சேன். எழுந்தேன். கண்ணு இருட்டிடுச்சு. அப்புறம் முழிச்சா இங்க." குரலைத் தாழ்த்தினார். "முந்தாநாள்தானே ஆறு மாத்திரைன்னு கூட்டினாங்க."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவசரம்னு கம்ப்யூட்டரைத் திறந்து பாத்துட்டாங்க தங்கச்சி. என்னுது மாவாம்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ..."

"அப்போ நிஜம் அவனோடது. ரெண்டு மாசமா அவன் மருந்தைத்தான் ரெண்டா வகுத்துத் தின்னிருக்கோம்." ரேடியோ சிரிக்கப் பார்த்தார், தையல் இழுத்தது. "மாவு தின்னு யாரும் மயங்கி விழ மாட்டாங்கல்ல? அதனால இதயத்துலதான் கோளாறுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பத்து மணிக்குக் கையில குழாய் விட்டு, சாயம் ஏத்திப் பாக்கப் போறாங்களாம்."

"உங்களுக்குத்தான் கிட்னி சரியில்லையே! அந்தச் சாயம் ஒத்துக்காதுன்னு சொன்னீங்களே!"

"அதையும் சொன்னாங்க. வேற வழியில்லையாம்."

"நான் போய்ச் சொல்றேன்."

ரேடியோ அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்தியிருந்த கை அது.

"சொல்லாத. நான் சொல்றதக் கேளு. என்னை இன்னியோட ஆராய்ச்சியில இருந்து எடுத்துட்டாங்க. இனி அவன் மாத்திரை முழுசும் அவனுக்குத்தான். பாதி மருந்துலேயே உள்ள வந்து படுத்துட்டான், முழுசா கெடைச்சா எப்படி இருப்பான்? நீ வாயத் திறந்தா அவனையும் எடுத்துடுவாங்க."

"உங்க உசிருண்ணே."

"நான் தனிக்கட்டை. அவன் உள்ள படுத்த மறுநாள் என்கிட்ட ஓடி வந்து சொன்னான் பாரு, 'டேய், அவ தூக்கத்துல சிரிக்கிறாடா'ன்னு. முப்பது வருஷத்துல அவன் என்கிட்ட இப்படி ஒரு சேதி சொன்னதே இல்ல. எத்தனையோ சேதிய நான் வாங்கி அனுப்பியிருக்கேன். அந்த மாதிரி ஒண்ணு வரல."

அவள் புடவையை விடுவித்துக்கொண்டாள். பழைய விரிப்பை உருவி, வெளுத்ததைப் போட்டு, நான்கு மூலையையும் மடித்துச் செருகினாள். அவர் தலையைத் தூக்கி உறையை மாற்றினாள்.

சலவைக் கூடத்தில் வெளியே மழையும் உள்ளே நீராவியுமாக எல்லாம் ஈரமாக இருந்தது. வீட்டுக்காரருக்கு மூன்று தடவை போன் செய்தாள். வேன் ஓட்டும்போது எடுக்க மாட்டார், அது அவர் பழக்கம். கடிகாரத்தில் எட்டரை. விரிப்பை உதறினாள், நடந்தாள், கொடுத்தாள், வாங்கினாள். பத்தொன்பது நாள். முழு மருந்து. சும்மா இருந்தால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை. கெட்டது எதுவும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு விரிப்பை மடித்தாலே போதும். இப்படி ஒரு எண்ணம் தனக்கு வந்ததே என்று அவளுக்கு அழுகை வந்தது. அந்த எண்ணத்தை விடவும் முடியவில்லை.

"என்னடி, மூலைய மாத்தி மாத்திக் கொடுக்கறே?" என்றாள் ஜோடிக்காரி.

ஒன்பதரைக்கு அவள் விரிப்பின் இரண்டு மூலையையும் ஜோடிக்காரியின் கையில் திணித்துவிட்டு மழையில் இறங்கினாள்.

நர்ஸ் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். இவள் சொன்னதைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முதல் மாசத்துல இருந்தா?"

"ஆமா சிஸ்டர்."

"தெரிஞ்சும் சொல்லலையா நீங்க?"

"சொல்லல. எனக்கு வேண்டியிருந்துச்சு, சொல்லல. திட்டறத அப்புறம் திட்டுங்க. பத்து மணிக்கு அவருக்கு..."

நர்ஸ் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். வேகமாகப் பேசினாள், யாரையோ அதட்டினாள், மறுபடி பேசினாள். போனை வைத்தபோது மணி ஒன்பது ஐம்பது. குழாய் விடுவதை நிறுத்தியாயிற்று. சலைன் ஏற்றிப் படுக்க வைத்தால் போதுமாம்.

நர்ஸ் பென்சிலை மறுபடி கொண்டையில் செருகினாள்.

"ரெண்டு பேர் கணக்கையும் அடிச்சாகணும் அக்கா" என்றாள் நர்ஸ். குரலில் கோபம் இல்லை, சோர்வுதான் இருந்தது. "உங்க வீட்டுக்காரர் டப்பாவையும் திருப்பிக் கொடுத்துடணும். பாதி அளவுலேயே ரெண்டு பேருக்கும் கேட்டிருக்கு. எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஆனா அதை எங்கயும் எழுத முடியாது."

"வெளிய கடையில..."

"கிடைக்காது. ஆராய்ச்சி முடிஞ்சு, அனுமதி வந்து... ரெண்டு வருஷம் ஆகலாம், மூணு ஆகலாம். வராமலும் போகலாம்."

அவள் தலையாட்டினாள். புடவையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் தேங்கியிருந்தது. குனிந்து தலைப்பாலேயே துடைத்தாள். நர்ஸ் "விடுங்கக்கா" என்று சொல்லியும் கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு வீட்டுக்காரர் ரொட்டி வேனோடு ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டார். வேனுக்குள் உட்கார வைத்துச் சொன்னாள். அவர் கண்ணாடித் துடைப்பான் போய் வருவதையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அவன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்காரு. என்னைத் திட்டறாரு. சுவத்துக்காரருக்கும் சேத்துச் சாப்பாடு கேக்கறாரு."

"சரி." வேன் எஞ்சினை அணைத்தார். துடைப்பானும் நின்றது. "நல்லது பண்ணே. நானா இருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல."

"நீங்க சொல்லியிருப்பீங்க."

"தெரியலம்மா" என்றார் அவர். "பத்தொம்பது நாள் ஆச்சுல்ல."

அப்படியானால் அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதுவரை அவளுக்கு அது தெரியாது. வேனுக்குள் மிச்சமிருந்த ஒரு ரொட்டியைப் பிய்த்து ஆளுக்குப் பாதி சாப்பிட்டார்கள்.

மருந்து உடம்பிலிருந்து இறங்க நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் காலை அவள் கண் விழித்தபோது பக்கத்தில் யாருமில்லை. அவர் முன்னறை நாற்காலியில் இருந்தார், கதவைப் பார்த்தபடி. கைப்பிடியில் புதிதாக ஒரு கீறல். அவள் டீ வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தாள் நிரப்புகிற நேரம் அது. நிரப்பத் தாள் இல்லாததால் கை சும்மா இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வெயில் வந்தது. ரேடியோ வந்து சாப்பிட்டு, மூன்று பேருக்குண்டான பேச்சைப் பேசிவிட்டுப் போனார். அவரை வழியனுப்பிவிட்டுப் பின்வாசலுக்கு வந்த வீட்டுக்காரர் கொடியைப் பார்த்து நின்றார்.

"ஒரு உறைதான் காயுது."

"ஆமா."

"என்னுது?"

"தொவைக்கல."

"பதினோரு வருஷமாத் தொவைச்சியே?"

"அப்ப அதுல ஒண்ணுமில்ல, தொவைச்சேன். இப்ப உங்க தலை வாசனை இருக்கு." அவள் வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிழிந்தாள். "அது போறதுக்குள்ள வந்துடுங்க."

அவர் துண்டின் மறுமுனையைப் பிடித்து முறுக்கிக் கொடுத்தார். பிறகு உள்ளே போனார்.

அவள் மிச்சத் துணியை உதறிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் ஏதோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். முன்னறையில் நாற்காலி இருந்த இடம் காலியாக இருந்தது. பதினோரு வருஷத்துக் கால் தடம் நான்கு மட்டும் தரையில் கறுத்துத் தெரிந்தது. நாற்காலி படுக்கையறை வாசலில் நின்றது. முகம் இப்போதும் தெருக்கதவைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனால் அதன் பின்கால் இரண்டும் அறைக்குள் இருந்தன.